பவர் இல்லாத லென்ஸும் லென்ஸ்தான்

போன திங்கட்கிழமை காலை எங்கள் கண் மருத்துவமனை ஓ.பி.யில் ஒரு கல்லூரி மாணவி. வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, அம்மாவின் தோளைப் பிடித்தபடி வந்தாள். அறை விளக்கைக்கூட அவளால் தாங்க முடியவில்லை. கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்த்தால் கருவிழியின் (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம், கார்னியா) நடுவே மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வெள்ளைப் புண், அதற்குக் கீழே கண்ணுக்குள் சீழ் கோடு கட்டி நிற்கிறது.

சனிக்கிழமை காஸ்ப்ளே விழா, அதாவது கதைப் பாத்திரங்களைப் போல வேடமிட்டு வரும் விழா. கண்ணில் சிவப்பு கான்டாக்ட் லென்ஸ். இரவு தோழி வீட்டில் அதைக் கழற்றாமலே தூங்கியிருக்கிறாள். ஞாயிறு காலை கண் சிவந்ததும் மெட்ராஸ் ஐ என்று நினைத்து மெடிக்கலில் ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டிருக்கிறாள். அதில் ஸ்டீராய்டு இருந்தது. கிருமிப் புண்ணை அது மோசமாக்கும். இப்படி வந்த முதல் பிள்ளை இவள் இல்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

மருந்து போட்டு வலி கொஞ்சம் அடங்கியதும் செல்போனில் அவள் செய்த உடையைக் காட்டினாள். ஆறு வாரம் மொட்டை மாடியில் உட்கார்ந்து செய்தது. ஃபோம் ஷீட்டை வெட்டி, ஹீட் கன்னால் வளைத்து, ஃபெவிகால் நாலு கோட்டிங் அடித்து, அதன் மேல் வெள்ளிப் பெயின்ட். தோள் கவசம் நிஜ உலோகம் மாதிரியே இருந்தது. ரிச்சி தெருவில் எல்.இ.டி. வாங்கி மார்புப் பட்டையில் அவளே சால்டர் வைத்திருக்கிறாள். கவசத்துக்கு மூன்று முறை அளவெடுத்துக் காகிதத்தில் மாதிரி வெட்டிப் பார்த்தவள், கண்ணுக்குள் வைக்கும் பொருளை மட்டும் நிறத்தைப் பார்த்து ஆன்லைனில் வாங்கியிருக்கிறாள்.

2024 பிப்ரவரியில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் முதன்முதலாகக் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா நடந்ததிலிருந்து சென்னையில் இந்த ஆர்வம் நன்றாகவே பெருகியிருக்கிறது. எனக்கு அதில் மகிழ்ச்சிதான். கையால் ஒன்றைச் செய்து பார்க்கும் பிள்ளைகளை யார் வேண்டாம் என்பார்கள்? என் கோபமெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்.

“பவர் இல்லாத லென்ஸ்தானே டாக்டர்.”

அம்மா சொல்கிறார், பிள்ளை சொல்கிறாள், போனில் அப்பாவும் சொல்கிறார். பவர் என்பது லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். மைனஸ் மூன்று லென்ஸும் பூஜ்ய லென்ஸும் கருவிழி மேல் ஒரே மாதிரிதான் உட்காருகின்றன. இரண்டும் ஒரே மாதிரிதான் மூடுகின்றன. கருவிழியில் ரத்தக் குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்ஸிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகத்தான் கிடைக்கிறது. நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். அதன் மேல் ஒரு மூடியை வைக்கிறீர்கள். வண்ண லென்ஸ் என்றால் மூடியோடு சாயமும் சேர்கிறது. சில லென்ஸ்களில் அந்தச் சாயம் மேற்பரப்பிலேயே இருக்கிறது. சொரசொரப்பான அந்த இடத்தில் கிருமி எளிதாக ஒட்டிக்கொள்ளும். பவர் போட்டு வாங்குபவராவது யாரோ ஒரு கண் மருத்துவரையோ கண் பரிசோதகரையோ (ஆப்டோமெட்ரிஸ்ட்) பார்த்துவிட்டு வருகிறார். எப்படிப் போடுவது, எப்படிக் கழுவுவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்புகிறோம். பவர் வேண்டாம் என்பவர் யாரையுமே பார்ப்பதில்லை. ஆகவே பவர் இல்லாத லென்ஸால்தான் எனக்கு அதிகக் கவலை.

லென்ஸுக்கு அளவும் உண்டு. பெட்டி மேல் 8.6, 14.2 என்று போட்டிருப்பது வளைவும் விட்டமும். கண்ணைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்கள் 14.5, 15 மி.மீ. வரை போகும். வெள்ளைவிழியையும் சேர்த்து மூடும் லென்ஸ் 22 மி.மீ. உங்கள் கருவிழியே 12 மி.மீ.க்குள்தான். இறுக்கமாக உட்கார்ந்த லென்ஸுக்கு அடியில் கண்ணீர் ஓடாது. அமெரிக்காவில் 2005-லேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அலங்கார லென்ஸும் மருத்துவக் கருவிதான், மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. அங்கே ஹாலோவீன் என்ற மாறுவேடத் திருவிழா நெருங்கும்போதெல்லாம் கண் மருத்துவர்கள் இதைத்தான் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பெண்ணின் லென்ஸ் போன வருஷம் வாங்கியது. “அப்போ ஒரே ஒரு நாள்தான் போட்டேன் டாக்டர், புதுசு மாதிரியேதான் இருந்துச்சு” என்றாள். மாதாந்திர லென்ஸ் என்றால் முப்பது முறை போடலாம் என்று அர்த்தமில்லை. லென்ஸின் உறையைப் பிரித்த நாளிலிருந்து முப்பது நாள். ஒரு வருஷமாக அதே டப்பாவில் (கேஸ்), லென்ஸை ஊறவைக்கும் அதே சொல்யூஷனில் ஊறிய லென்ஸைக் குப்பையில்தான் போட வேண்டும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா அங்கே சுகமாக வளரும். அது கருவிழியில் இறங்கினால் ஒன்றிரண்டு நாளிலேயே கருவிழியைக் கரைத்து ஓட்டை போட்டுவிடும். குழாய்த் தண்ணீரில் கழுவினால் அகாந்தமீபா என்ற ஒற்றைச்செல் கிருமி வரலாம். மாதக்கணக்கில் மருந்து போட்டும் அடங்காத வலி அது.

எங்கள் கருவிழி வார்டில் பெரும்பாலும் விவசாய வேலை செய்பவர்கள்தான் படுத்திருப்பார்கள். நெல் தாளோ சோளத் தோகையோ கண்ணில் பட்டுப் பூஞ்சைப் புண்ணாகி வருவார்கள். அவர்கள் பிழைப்பு அப்படி. பக்கத்துக் கட்டிலில் ஒரு நாள் விழாவுக்காகக் கண்ணில் பூ விழுந்து கிடக்கும் இருபது வயதுப் பிள்ளையைப் பார்க்கும்போது மனசு ஆறவில்லை.

உடை செய்யும்போது எடுக்கும் பசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நொடியில் ஒட்டும் பசை சொட்டு மருந்துக் குப்பி அளவில்தான் வருகிறது. விடிய விடிய வேலை செய்து கண் எரியும்போது மேசையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் கை தவறும். மருந்தைத் தனி அறையில் வையுங்கள். பசையின் மூடியைத் திறக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், ஃபோம் தேய்க்கும்போதும்தான். பசை பட்டு இமை ஒட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், கத்தரிக்காதீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே மருத்துவமனைக்கு வாருங்கள். கருவிழியில் சின்ன ஓட்டை விழுந்தால் நாங்களும் அதே வகை சயனோஅக்ரிலேட் பசை வைத்துத்தான் அடைக்கிறோம். அதன் மேல் கட்டுப் போடுவது போல ஒரு பேண்டேஜ் லென்ஸ் வைப்போம். பசையும் லென்ஸும் எனக்கு விரோதம் இல்லை. யார், எதை, எப்படி வைக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

லென்ஸே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் யோசியுங்கள். முகமூடியில் கறுப்பு வலைத்துணி ஒட்டி அதன் மேல் கண் வரைந்தால் வெளியே இருந்து பார்ப்பவருக்கு அந்தக் கண்தான் தெரியும், உங்களுக்கும் ஓரளவு பார்வை இருக்கும். போட்டோவுக்குத்தான் என்றால் கண் நிறத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு மாதம் முன்பே வாருங்கள், அளவு பார்த்துச் சீட்டு தருகிறோம். ஒரே நாள் போட்டுத் தூக்கிப் போடும் வகை நல்லது. சோப்புப் போட்டுக் கை கழுவித் துடைத்துவிட்டு, மேக்கப்புக்கு முன்னால் லென்ஸ். மேக்கப்பைத் துடைப்பதற்கு முன்னால் லென்ஸைக் கழற்ற வேண்டும். எச்சில் கூடாது, தண்ணீர் கூடாது. தோழியோடு மாற்றிப் போட்டுக்கொள்வது கூடவே கூடாது. ஏ.சி. ஹாலில் லென்ஸ் காயும், நாலு மணி நேரம் போதும். அதைப் போட்டுக்கொண்டு ராத்திரி வண்டி ஓட்டாதே கண்ணு, ஓரப் பார்வை மறையும். எவ்வளவு அசதியாக இருந்தாலும் கழற்றிவிட்டுத் தூங்கு.

அந்தப் பெண்ணுக்கு இப்போது மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து, இரவிலும்தான். அவள் அப்பா அலாரம் வைத்து எழுந்து போட்டுவிடுகிறார். புண் சுருங்குகிறது, ஆனால் நடுவில் தழும்பு நிற்கும். பார்வை எவ்வளவு திரும்பும் என்று மூன்று மாதம் கழித்துத்தான் சொல்ல முடியும். கருவிழி மாற்று சிகிச்சை வேண்டியிருக்குமா என்பதையும் அப்போதுதான் முடிவு செய்வோம்.

லென்ஸ் போட்ட கண் சிவந்து, வலித்து, கூசி, மங்கலாகத் தெரிந்தால் அதை மெட்ராஸ் ஐ என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். லென்ஸை உடனே கழற்றுங்கள். மெடிக்கலில் கேட்டு எந்தச் சொட்டும் வேண்டாம், கண்ணைக் கட்டி மூடவும் வேண்டாம். அன்றைக்கே வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றாலும் அவசரப் பிரிவுக்கு வாருங்கள். வரும்போது லென்ஸையும் கேஸையும் சொல்யூஷன் பாட்டிலையும் தூக்கி எறியாமல் கையோடு கொண்டு வாருங்கள். எந்தக் கிருமி என்று கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில்) கண்டுபிடிக்க எங்களுக்கு அது வேண்டும்.