மாஸ்டர்பீஸ்: பரீட்சைக்குச் செய்த பொருள்

ஒரு கலைஞரின் முதல் படைப்பையே யாராவது மாஸ்டர்பீஸ் என்றால், 'அதற்குள்ளாகவா?' என்று கேட்கத் தோன்றும். வாழ்நாளெல்லாம் உழைத்துக் கடைசியில் ஒன்று கனிந்து வருமே, அதற்குத்தான் அந்தச் சொல் என்று நினைத்திருக்கிறோம். சொல் பிறந்த இடத்தில் கதை நேர்மாறு. அது ஒரு பரீட்சை. தொழில் வாழ்க்கையே அதற்கப்புறம்தான்.

ஐரோப்பிய நகரங்களில் இடைக்காலத்திலிருந்து பொற்கொல்லர், தச்சர், ஓவியர் என ஒவ்வொரு தொழிலுக்கும் கில்டு என்ற தொழிற்குழு இருந்தது. பையனை ஓர் ஆசானின் வீட்டில் விட்டுவிடுவார்கள். சாப்பாடு, படுக்கை, எடுபிடி வேலை எல்லாம் அங்கேதான், தொழிலும் அதனூடேதான். இவன் அப்ரண்டிஸ். காலக்கெடு முடிந்தால் ஜர்னிமேன். இதைப் பயணி என்று நினைத்து ஏமாறக் கூடாது; பிரெஞ்சில் 'ஜூர்னே' என்றால் ஒரு பகல்பொழுது, ஆக இவர் நாள்கூலிக்காரர். (ஜெர்மானியக் கூலிக் கலைஞர்கள் நிஜமாகவே ஊர் ஊராகச் சுற்றி வேலை பழகினார்கள் என்பது வேறு விஷயம்.)

சொந்தப் பட்டறை வைக்க வேண்டுமா? குழுவின் மூத்தவர்கள் முன்னால் ஒரு பொருளைச் செய்து வைக்க வேண்டும். அதுதான் ஜெர்மனில் மைஸ்டர்ஷ்டுக். அதையும் அதன் டச்சு வடிவத்தையும் பார்த்துத்தான் ஆங்கிலம் தன் சொல்லை அமைத்துக்கொண்டது.

16-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரப் பொற்கொல்லர்களுக்கு மூன்று பொருள்கள்: கல் பதித்த தங்க மோதிரம், முத்திரை அச்சு, தலைகீழாகத் தொங்கும் பூவைப் போன்ற வெள்ளிக் கிண்ணம். கிண்ணத்தில்தான் ஆள் தெரிந்துவிடும். தட்டத் தட்ட வெள்ளி இறுகும். சூடுகாட்டி இளக்கி மறுபடி தட்ட வேண்டும். உள்ளிருந்து தட்டினால் புடைப்பு, வெளியிலிருந்து தட்டினால் பள்ளம். ஓரிடத்தில் தகடு மெலிந்தால் கிழிந்துவிடும். கற்பனைக்கு அங்கே பெரிய வேலையில்லை; கை சுத்தமா என்பதுதான் கேள்வி. மார்க் போடுகிறவர்களோ நாளைக்குப் போட்டிக்கடைக்காரர்கள்! பல குழுக்களில் ஆசான்களின் மகன்களுக்குச் சலுகை வேறு.

1791-ல் பிரான்ஸ் இந்தக் குழுக்களைச் சட்டம் போட்டு ஒழித்தது. மற்ற நாடுகளிலும் அவை மெல்ல மங்கின. பல இடங்களில் பரீட்சை போய்விட்டது, சொல்லும் புகழும் மட்டும் மிஞ்சின.

மாஸ்டர் என்பதன் வேர் லத்தீன் 'மாகிஸ்டெர்'. அதற்குள் 'மிகுதி' என்ற பொருள் இருக்கிறது. அதே வேர் போர்த்துகீசிய 'மெஸ்த்ரே' வழியாக நம்மிடம் மேஸ்திரியாக வந்து எப்போதோ குடியேறிவிட்டது. இதற்கு எதிர்ச்சொல்லாக, 'குறைவு' என்ற வேரில் பிறந்தது மினிஸ்டர். ஏவல் செய்பவர் என்று பொருள். இன்று யார் யாருக்கு ஏவல் செய்கிறார்கள் என்பதை விட்டுவிடுவோம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? இன்றைய பொருளுக்குத் 'தலைசிறந்த படைப்பு' நன்றாகவே பொருந்துகிறது. பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'ஷெ தெவ்ர்' என்பதிலும் முதல் சொல் தலையைத்தான் குறிக்கிறது. நீளமாகத் தோன்றினால் 'பெரும்படைப்பு'. எல்லாவற்றையும் 'காவியம்' என்பது எனக்கு ஒப்பவில்லை. மேசையைக் காவியம் என்று எப்படிச் சொல்வது?

பழைய பொருளுக்கு மிக அருகில் வருவது நம் அரங்கேற்றம். சிலப்பதிகாரத்தில் மாதவி ஏழாண்டு பயின்று 12 வயதில் சோழ மன்னன் முன் ஆடிக் காட்டுகிறாள்; தலைக்கோல் பட்டமும் 1008 கழஞ்சுப் பொன்னும் பெறுகிறாள். பயிற்சி, நடுவர், பட்டம் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அரங்கேற்றம் நிகழ்வு. கிண்ணமோ கையில் எடுத்துப் பார்க்கும் பொருள். அதனால் கில்டு காலத்துப் பொருளுக்குத் 'தேர்ச்சிப் படைப்பு' என்று எழுதலாம் என்பது என் கருத்து. நூரம்பெர்க் கிண்ணத்தின் படத்துக்குக் கீழே 'தலைசிறந்த படைப்பு' என்று போட்டால், அதைச் செய்தவர் அதற்கப்புறம் செய்த நல்ல கிண்ணங்களையெல்லாம் எங்கே வைப்பது?