பிளேடு மேல் இருப்பது பெயின்ட் அல்ல

அறையை இருட்டாக்கி யுவி விளக்கைப் போட்டோம். ஒளிரும் சாயத்தில் ஊறவைத்துத் துடைத்த முதல் வரிசை கேஸ் டர்பைன் பிளேடின் முன்விளிம்பில், ஏணிப்படி போல ஒன்றன்கீழ் ஒன்றாக மஞ்சள்பச்சைக் கோடுகள்: சாயம் தங்கிய விரிசல்கள். வெளிச்சத்தில் பார்த்தபோது அதே பிளேடு பழுதில்லாமல்தான் தெரிந்தது. "கோட்டிங்தானே சார், உரிச்சிட்டு மறுபடி போட்டுடலாம்" என்றார் கொண்டுவந்த பொறியாளர். ஒரு பிளேடை வெட்டி நுண்ணோக்கியில் வைத்தோம். விரிசல் கோட்டிங்கைக் கடந்து பிளேடின் உடலான நிக்கல் கலப்புலோகத்துக்குள் இறங்கியிருந்தது.

இந்தக் கோட்டிங்கைப் பலர் பெயின்ட் போல நினைக்கிறார்கள். அதுவும் ஓர் உலோகம்தான். அதற்கென்று தனி வலுவும் தனி பலவீனமும் உண்டு. அலுமினைடு வகை ஏறக்குறைய தலைமுடி கனமே இருக்கும். அதிலுள்ள அலுமினியம் மேலே அலுமினா (அலுமினிய ஆக்சைடு) படலமாகி ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது. கோட்டிங்கை நொறுங்கும் தன்மையுள்ளதாக்குவதும் அதே அலுமினியம்தான். சுமார் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் இழுத்த இழுப்புக்கு நீளும். ஆறிய நிலையிலோ ஒரு சதவீதம் நீள்வதற்குள் வெடித்துவிடும். தெளித்துப் போடும் கோபால்ட், நிக்கல், குரோமியம் கலந்த கோட்டிங்கில் அலுமினியத்தைக் குறைத்தால் கொஞ்சம் தாழ்ந்த வெப்பத்திலும் வளைந்து கொடுக்கும். அடிக்கடி நிறுத்தி ஓட்டும் இயந்திரத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

விரிசல் பெரும்பாலும் ஓடும்போது விழுவதில்லை, நிற்கும்போது விழுகிறது. முழுச் சுமையில் ட்ரிப் ஆனால், அதாவது இயந்திரம் திடீரென்று தானாக நின்றால், எரிபொருள் சட்டென்று நிற்கும்; கம்ப்ரஸர் காற்று மட்டும் பிளேடு மேல் பாயும். மேற்பரப்பு முதலில் ஆறிச் சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் சூடாக இருக்கும் உலோகம் அதை விடாது. இப்படி, கோட்டிங் நொறுங்கும் வெப்பநிலைக்கு இறங்கும் அதே நேரத்தில் அதன் மேல் இழுவிசை ஏறுகிறது. அதனால்தான் முழுச் சுமையில் வரும் ஒரு ட்ரிப்பைப் பல சாதாரண ஸ்டார்ட்டுகளுக்குச் சமமாகக் கணக்கிடுகிறார்கள்.

கழற்றும்போது இறுகிய பிளேடைச் சுத்தியலால் தட்டுவதையும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம், அப்போது கோட்டிங் முழுக்க ஆறியிருக்கிறது.

பிளேடுகளை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பும்போது ஓடிய மணிநேரத்தை மட்டும் எழுதி அனுப்பாதீர்கள். எத்தனை ஸ்டார்ட், எத்தனை ட்ரிப், ஒவ்வொன்றும் எந்தச் சுமையில் என்பதையும் எழுதுங்கள். மேல்பூச்சை உரிப்பதற்கு முன்பே ஒரு பிளேடை வெட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விரிசல் கோட்டிங்கோடு நின்றிருக்கும்போதே பிடித்துவிட்டால், அந்த வரிசையை மறுபூச்சு போட்டு மீண்டும் ஓட்டலாம்.