செங்கோட்டு மையம்

கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாண்டுகள் கணிதத்தைத் தமிழில் படிக்கும் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளியில் அதே பாடத்தை வேறு மொழியில் தொடர்வதால், முக்கோணத்தின் சிறப்புப் புள்ளிகளுக்குரிய தமிழ்ப் பெயர்களைப் பெரும்பாலும் அறியாமலேயே பள்ளிப் படிப்பை முடித்துவிடுகின்றனர். அவர்கள் 'ஆர்த்தோசென்டர்' என்று அறியும் புள்ளியே செங்கோட்டு மையம்.

ஒவ்வொரு முனையிலிருந்தும் எதிர்ப்பக்கத்திற்கு வரையப்படும் குத்துக்கோடுகள் மூன்றும் சந்திக்கும் புள்ளி இது. (0, 0), (4, 0), (1, 3) ஆகிய முனைகளைக் கட்டத்தாளில் குறித்து வரைந்தால், மூன்று கோடுகளும் (1, 1) என்ற புள்ளியில் கூடுவதைக் காணலாம். உச்சியை (0, 3)க்கு நகர்த்தினால் முக்கோணம் செங்கோண முக்கோணமாகி, அப்புள்ளி (0, 0) முனையிலேயே வந்து அமரும். (-1, 3)க்கு நகர்த்தினாலோ அடிப்பக்கத்திற்குக் கீழே, முக்கோணத்திற்கு வெளியே போய்விடும்.

கிரேக்கத்தில் 'ஆர்தோஸ்' என்றால் நேரானது, நிமிர்ந்தது. 'கென்ட்ரான்' என்றால் குத்தும் கூர்முனை. கவராயத்தின் ஊன்றிய முனையைக் குறித்த பின்னதே வட்டத்தின் மையத்திற்கும் பெயராயிற்று. தமிழிலும் செம்மை என்பதற்கு நேர்மை என்ற பொருள் உண்டு. செங்கோல், செங்குத்து, செங்கோணம் ஆகியவற்றில் இருப்பது அதுவே, சிவப்பு அன்று. செம்மை, கோடு இரண்டும் சேரும்போது 'மை' கெட்டு, மகரம் ஙகரமாகிச் செங்கோடு என்றாகும். மையத்தோடு சேர்கையில் டகரம் இரட்டித்துச் செங்கோட்டு மையம் என நிற்கும். கிரேக்கச் சொல்லின் கருத்தை இவ்வளவு நெருக்கமாகத் தாங்கும் பெயர் இருக்க, ஒலிபெயர்ப்பை நாடத் தேவையில்லை என்பதே என் உறுதியான கருத்து.

வெளியே போகும் புள்ளியை மையம் எனலாமா என்று மாணவர்கள் கேட்பது நியாயமே. குறுங்கோண முக்கோணத்தில் மூன்று குத்துக்கோடுகளின் அடிகளையும் இணைத்தால் உள்ளே ஒரு சிறு முக்கோணம் கிடைக்கும். அதன் உள்வட்ட மையம் நம் செங்கோட்டு மையமே. ஆகவே அப்பெயருக்கு இடமுண்டு.

நடுக்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், உள்வட்ட மையம் ஆகியவை தம் பெயராலேயே விளங்குவன. மேற்கண்ட முதல் முக்கோணத்தில் நடுக்கோட்டு மையம் (5/3, 1), சுற்றுவட்ட மையம் (2, 1). செங்கோட்டு மையத்தோடு இவை ஒரே கோட்டில் அமைவதையும், இடைத்தூரங்கள் 2 : 1 என்ற விகிதத்தில் இருப்பதையும் 18ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் நிறுவினார். உள்வட்ட மையம் அந்த ஆய்லர் கோட்டில் விழுவது இருசமபக்க முக்கோணத்தில் மட்டுமே.