எழுதுபச்சை: குத்தாத பச்சைக்கு ஒரு பெயர்

ஒப்பனைப் பொருள்களால் தோலின்மேல் வரைந்து, பார்ப்பவர் உண்மையான பச்சை என்றே நம்பும்படி செய்வதை 'டெம்பரரி டாட்டூ' என்கிறோம். நாடகத்திலும் திரைப்படத்திலும் இது வழக்கமான வேலை. இதைத் 'தற்காலிகப் பச்சை குத்துதல்' என்று தமிழில் எழுதுவோர் உண்டு. ஊசியே படாத ஒன்றைக் குத்துதல் என்பது எனக்கு உறுத்துகிறது.

டாட்டூ, பசிபிக் தீவுகளின் 'தத்தாவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1769-ல் ஆங்கிலேய மாலுமி ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் தஹிதித் தீவை அடைந்தது. அத்தீவு மக்களின் உடற்குறிகளைப் பற்றிக் குக்கும் உடன் சென்ற ஜோசப் பேங்க்ஸும் எழுதிய குறிப்புகள் வழியே அச்சொல் ஆங்கிலத்தில் ஏறியது. படை முரசைக் குறிக்கும் டாட்டூ வேறு; அது டச்சு மொழியிலிருந்து வந்தது.

நம் சொல்லான 'பச்சை' நிறத்தின் பெயர். என் பாட்டியின் முன்கையில் ஒரு புள்ளிக் கோலம் இருந்தது. குத்தியது விளக்குக் கரி. ஆனால் கையில் கறுப்பே இல்லை. பாசி படிந்த நீலப்பச்சையாக, ஓரங்கள் தோலுக்குள் கசிந்து கிடந்தது. கரி தோலுக்கு அடியில் போய்விட்டால், மேலுள்ள தோல் ஒளியைச் சிதறடித்து அதை அப்படிக் காட்டுகிறது. நம்மவர்கள் கரியின் நிறத்தை விட்டுவிட்டுக் கண்ணில் பட்ட நிறத்தையே பெயராக்கினார்கள்.

ஒப்பனைக் கலைஞர் கற்க வேண்டிய பாடமும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. கன்னங்கரிய ஐலைனரால் அழுத்தி வரைந்தால், அது தோலின்மேல் பூசிய மையாகவே தெரியும். கறுப்பில் சிறிது நீலமும் பச்சையும் சேர்க்க வேண்டும். தோலில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, மெல்லிய கோடாக வரைந்து, விரல் நுனியால் ஒற்றினால் ஓரம் மங்கும். மயிர்க்கால்களும் கோட்டினூடே தெரியும். பிறகு நிறமில்லாப் பவுடரை ஒற்றியெடுத்து மினுமினுப்பை அடக்க வேண்டும். வரைந்த இடம் மட்டும் பளபளத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். வியர்வை தாங்க வேண்டுமானால் ஆல்கஹாலில் கரையும் ஒப்பனை வண்ணமே நல்லது.

இதற்கு என்ன பெயர்? உடலில் வரைவது தமிழருக்குப் புதிதன்று. சங்க காலப் பெண்களின் தோளிலும் மார்பிலும் குழம்பால் வரைந்த கோலத்துக்குத் 'தொய்யில்' என்று பெயர். குறுந்தொகை 276-ஆம் பாடலில் தலைவன் தலைவிக்குத் தொய்யில் 'எழுதுகிறான்'. கண்ணுக்கு மையையும் நாம் எழுதத்தான் செய்கிறோம். தொய்யில் ஓர் அணி; அது பச்சை போல நடிப்பதில்லை. ஆகவே அந்தப் பெயரை அப்படியே எடுக்காமல், அதன் வினையை மட்டும் எடுத்து 'எழுதுபச்சை' என்பேன். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகை: எழுதிய பச்சை, எழுதுகின்ற பச்சை, அழித்துவிட்டு நாளை எழுதப்போகும் பச்சை எல்லாம் அடங்கும். வல்லினம் மிகாது. தாளிலிருந்து ஈரத்தால் பெயர்த்து ஒட்டுவதை 'ஒட்டுபச்சை' எனலாம்.

'கருப்பு மருதாணி'யை மட்டும் இந்தப் பெயரில் சேர்க்க வேண்டாம். அதில் பெரும்பாலும் கலக்கப்படும் பி.பி.டி. என்ற தலைமுடிச் சாயம் தோலைக் கொப்பளிக்க வைக்கும். சிலருக்குத் தழும்பே நின்றுவிடும். எழுதுபச்சை, ஒப்பனையைக் கலைக்கும்போது கூடவே போய்விடும்.