தலைக்காயத்துக்குப் பின் அரசிடம் என்னென்ன கேட்கலாம்? கையை மட்டும் அளந்து அனுப்ப விடாதீர்கள்

என் சித்தப்பா பைக் விபத்தில் தலையில் அடிபட்டு, ஐ.சி.யூ.விலிருந்து பிழைத்து வந்தவர். எட்டு மாதத்தில் நன்றாக நடந்தார். மாற்றுத்திறனாளி சான்றுக்காகக் கூட்டிக்கொண்டு போனோம். "கையைத் தூக்குங்க" என்றார்கள், தூக்கினார். "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார்கள். "நல்லா இருக்கேன் சார்" என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. சான்றில் குறைபாடு 30 சதவீதம் என்று எழுதினார்கள்.

வீட்டில் அவர் உப்பைக் காட்டிச் "சாவி" என்பார். குளித்தோமா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. 30 சதவீதத்தை வைத்துக்கொண்டு எந்த உதவியும் பெரிதாகக் கிடைக்காது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். தமிழ்நாட்டில் தலைக்காயப்பட்டவருக்கு உதவிகள் இல்லாமல் இல்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத பாதிப்பைக் காகிதத்தில் ஏற்றினால்தான் அவை கைக்கு வரும். இந்தக் கட்டுரை முக்கியமாக அதைப் பற்றியதுதான்.

முதலில் சிகிச்சைச் செலவு. சாலை விபத்து என்றால் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2021 டிசம்பரில் தொடங்கியபோது ஒருவருக்கு 1 லட்சம் ரூபாய் வரை என்று இருந்தது, பிறகு 2 லட்சமாக உயர்த்தினார்கள். காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர்க்காரர் என்று பார்ப்பதில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்தும். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாட்கள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். அதற்கு மேல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு இருக்கிறது. ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

இந்த நாட்களில் ஒரு வேலையை மறக்கவே கூடாது. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், ஏ.ஆர். காப்பி (மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல்), எஃப்.ஐ.ஆர். நகல், இவை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஒவ்வொன்றிலும் இரண்டு நகல் எடுத்துவிடுங்கள். பின்னால் போகும் ஒவ்வொரு அலுவலகத்திலும் இவற்றைத்தான் முதலில் கேட்பார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, தினமும் ஆட்டோ பிடித்து பிசியோதெரபிக்குப் போக முடியாதவர்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், கட்டணம் கிடையாது. பேச்சுப் பயிற்சி, தொழில்வழிச் சிகிச்சை (அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்குவது) எல்லாம் ஒரே இடத்தில் வேண்டுமென்றால் சென்னையில் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களும் திறக்கப்பட்டு வருகின்றன. உங்கள் பக்கத்தில் உண்டா என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி சான்றுக்கு வருவோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைப் பட்டியலிடுகிறது. அதில் 'தலைக்காயம்' என்று ஒரு வகை கிடையாது. அதனால் காயம் எதையெல்லாம் பாதித்ததோ, அந்த வகைகளின் கீழ்தான் விண்ணப்பிக்க வேண்டும். கை, கால் வலுவிழந்தால் இயக்கக் குறைபாடு. பார்வை குறைந்தால் பார்வைக் குறைபாடு. வார்த்தை கிடைக்காமல் தடுமாறுவதை மருத்துவர்கள் அஃபேசியா என்பார்கள். பேச்சு, மொழிக் குறைபாட்டின் விளக்கத்திலேயே சட்டம் இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. மனநலப் பாதிப்புக்கான விளக்கத்தில் சிந்தனை, மனநிலையோடு நினைவாற்றலும் வருகிறது. அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்க முடியாத அளவுக்கு அது கெட்டிருக்க வேண்டும். ஆகவே எலும்பு மருத்துவர் பார்த்ததோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பேச்சு, மனநலம் இரண்டையும் மதிப்பிடச் சொல்லி எழுதியே கேளுங்கள்.

ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்டமாட்டார்கள். பெரிய எண்ணை 90-லிருந்து கழித்து, மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90-ஆல் வகுத்து, வந்ததைப் பெரிய எண்ணோடு சேர்ப்பார்கள். சித்தப்பாவுக்குக் கை 30, மொழி 40. 90-லிருந்து 40 போக 50. ஐம்பதை முப்பதால் பெருக்கினால் 1,500, தொண்ணூறால் வகுத்தால் 16.67. ஆக மொத்தம் ஏறக்குறைய 57. மனிதர் அதே மனிதர்தான். முதல் தடவை யாரும் அவரைப் பேசவிட்டுப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை எங்களுக்குக் கைகொடுத்தது சித்தியின் நோட்டு. "செவ்வாய்: கேஸ் அடுப்பை அணைக்காமல் வெளியே போனார். வியாழன்: கடையில் 200 ரூபாய் கொடுத்துவிட்டு மீதி வாங்காமல் வந்தார்." இப்படி நாற்பது பக்கம். டாக்டர் அதைப் பொறுமையாகப் படித்தார். உங்கள் வீட்டிலும் இன்றே ஒரு நோட்டு போடுங்கள்.

யூ.டி.ஐ.டி. அட்டைக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். முன்னேற வாய்ப்பிருந்தால் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் செல்லும் சான்று தருவார்கள், அதைப் புதுப்பிக்க வேண்டிவரும். சதவீதம் குறைவு என்று தோன்றினால் சட்டத்தின் 59-ஆவது பிரிவில் மேல்முறையீடு உண்டு. 75 சதவீதமும் அதற்கு மேலும் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்.

வேலை விஷயம். பாதிக்கப்பட்டவர் அரசு ஊழியர் என்றால், யாராவது ராஜினாமா கடிதமோ விருப்ப ஓய்வுக் கடிதமோ எழுதச் சொன்னால் எழுதவே எழுதாதீர்கள். பணியில் இருக்கும்போது குறைபாடு வந்தவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது அதே மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20(4) பிரிவு. பழைய வேலையைச் செய்ய முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கியாவது வைத்திருக்க வேண்டும். தனியார் வேலையில் இந்தப் பாதுகாப்பு இல்லை. ஆனால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தம் இருந்து, வேலையில் ஏற்பட்ட காயமாகவும் இருந்தால், தற்காலிகமாக முடங்கிய காலத்துக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். பாதிப்பு நிரந்தரமானால் மாதாமாதம் தொகை வரும்.

விபத்து இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுங்கள், 2022 ஏப்ரலிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்தக் கெடு இருக்கிறது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு. வக்கீலிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: உடல் குறைபாட்டின் சதவீதமும் சம்பாதிக்கும் திறன் போன அளவும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. கணக்கு எழுதிப் பிழைத்தவருக்கு எண் மறந்துபோனால் பிழைப்பே போய்விட்டது, கை எவ்வளவு தூக்கினாலும் சரி. கூட இருந்து பார்த்துக்கொள்பவருக்கான செலவையும் மனுவில் கேட்கலாம்.

பணம், சொத்து விஷயங்களில் பாதிக்கப்பட்டவரால் தனியாக முடிவெடுக்க முடியவில்லை என்றால், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 14-ஆவது பிரிவில் வரம்புக்குட்பட்ட காப்பாளரை நியமிக்க மாவட்ட நீதிமன்றத்தை அணுகலாம். இதில் காப்பாளர் அவருக்குப் பதிலாக முடிவெடுக்க மாட்டார், அவரோடு சேர்ந்து முடிவெடுப்பார். சித்தப்பா இப்போது சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கடையில் சாமான் வாங்குகிறார். மீதிச் சில்லறையை வீட்டுக்கு வந்து சித்தி எண்ணுகிறார். அவருடைய சான்றை அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும், அதனால் நோட்டும் தொடர்கிறது.