பிள்ளைகள் தையல் வகுப்பில் பெரியவர்களுக்கான விதிகள்: சட்டம் சொல்வது என்ன?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூட விடுமுறையும் அதோடு சேர்ந்தே வரும். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை கடற்கரை ஊர்களில் பிள்ளைகளுக்குத் தையல் வகுப்பு தொடங்க இதைவிடத் தோதான காலம் இல்லை. மகளிர் குழுக் கட்டடமோ சமுதாயக் கூடமோ கிடைத்துவிடும், மெஷின் இரண்டு மூன்று சேர்ந்துவிடும். சொல்லிக்கொடுக்க ஊர் அக்காமாரும், ஓய்வில் இருக்கும் டெய்லர் மாமாவும், கல்லூரிப் பிள்ளைகளும் சம்பளம் வாங்காமல் வருவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் வருகிற பெரியவர்கள் விஷயத்தில் வகுப்பு நடத்துபவருக்குச் சில கடமைகள் உண்டு.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் (2012) கணக்கில் 18 வயது நிரம்பாத எல்லோரும் குழந்தைகள். பதினேழு வயது மாணவி எவ்வளவு நன்றாகத் தைத்தாலும், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமே தவிர, அவளைப் பொறுப்பான பெரியவராகக் கணக்கில் எடுக்க முடியாது.

அந்தச் சட்டத்தின் 2020 விதிகள், பிள்ளைகளோடு தொடர்ந்து பழகும் எந்த நிறுவனமும் தன் பணியாளர்களுக்குக் காவல் சரிபார்ப்பும் பின்னணி விசாரணையும் அவ்வப்போது செய்ய வேண்டும் என்கின்றன. பள்ளி, குழந்தைகள் காப்பகம், விளையாட்டுப் பயிற்சி மையம் எல்லாம் இதில் அடங்கும். விதியில் பணியாளர் என்றுதான் இருக்கிறது, எங்களிடம் இருப்பது தன்னார்வலர்கள்தானே என்று சிலர் கேட்பார்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருபவர் சம்பளம் வாங்குகிறாரா என்பதா முக்கியம்? எல்லோருக்கும் செய்யுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம். முடிவு வரக் கொஞ்ச நாள் பிடிக்கும் என்பதால் தடைக்காலம் தொடங்கிய பிறகு ஓடாமல் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

நம் ஊர்களில் இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் சொந்தம்தான். "மாமாவையே சந்தேகப்படுறியா?" என்று கேட்டுவிட்டால் பலருக்கு வாய் அடைத்துவிடும். அதனால் சரிபார்ப்பை வகுப்பு நடத்துபவர் தன்னிடமிருந்தே தொடங்க வேண்டும். அப்புறம் அவருடைய அண்ணன், பிறகு மற்றவர்கள். ஒருவருக்குக்கூட விலக்கு இல்லை என்றால் யாரும் மனத்தாங்கல் கொள்ள இடமிருக்காது.

அடுத்து, தினசரி நடைமுறை. ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் தனியாக இருக்கும் நிலையே வரக்கூடாது. குறைந்தது இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். கதவு திறந்தே இருக்கட்டும். இதைச் சட்டம் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை, ஆனால் வகுப்பின் முதல் விதியாக இதை எழுதி ஒட்டிவிடலாம்.

தையலுக்கே உரிய ஒரு சிக்கல் அளவு எடுப்பது. மார்பு, இடுப்பு, தோள் என்று டேப் பிடிக்காமல் தையல் கற்க முடியாது. பெரியவர் யாரும் பிள்ளையின் உடம்பில் அளவு எடுக்க வேண்டாம், பெண்ணாக இருந்தாலும். வீட்டிலிருந்து அளவுச் சட்டையோ சுடிதாரோ கொண்டுவரச் சொல்லி மேசையில் விரித்து அளக்கலாம். உடம்பில்தான் எடுத்துப் பழக வேண்டும் என்றால் அம்மா வந்து எடுக்கட்டும், அல்லது ஒரே வயதுப் பெண்பிள்ளைகள் எல்லோர் முன்னிலையிலும் ஒருவருக்கொருவர் எடுக்கட்டும். தைத்ததைப் போட்டுப் பார்ப்பது வீட்டில்தான். வாட்ஸ்அப் குழுவில் பெற்றோர் எண்கள் மட்டும் இருக்க வேண்டும், தன்னார்வலர் பிள்ளைக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது.

ஆர்டர் எடுத்துப் பிள்ளைகளைத் தைக்க வைக்கவும் கூடாது. 14 வயது முடியாதவரை எந்த வேலையிலும் அமர்த்துவதை 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் தடுக்கிறது. பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் கைகொடுக்கலாம் என்ற விலக்கு தையல் வகுப்புக்குப் பொருந்தாது.

இனி, மிகவும் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி. பிள்ளைக்குப் பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால்கூட, காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். இது போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவு. சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். நிறுவனப் பொறுப்பாளர் தன் கீழ் உள்ளவர் செய்ததை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். ஊர்க்கூட்டமோ ஜமாத்தோ பங்குப் பேரவையோ இதைப் பேசி முடிக்க முடியாது. படகுத் தகராறையும் வலைத் தகராறையும் ஊரில் உட்கார்ந்து தீர்த்துக்கொள்ளலாம், இது அப்படிப்பட்ட விஷயம் இல்லை. சமாதானம் பேசி வைத்த குடும்பத்தின் பிள்ளை, அதே ஆளை அதே தெருவில் தினமும் பார்த்துக்கொண்டு வளர வேண்டியிருக்கும். அந்தக் கொடுமையை எந்தப் பிள்ளைக்கும் நாம் செய்யக் கூடாது.

நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது. காவல் நிலையம் போகத் தயங்கினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். ஊராட்சித் தலைவர் தலைமையிலான கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவும் உதவ வேண்டும். ஆனால் அந்தக் குழுவிடம் சொல்லிவிட்டால் காவல்துறைக்குச் சொல்லும் கடமை தீர்ந்துவிடாது. பிள்ளையின் வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் காவல் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. வகுப்பு தொடங்கும் நாளில் பெற்றோரைக் கூட்டி இதையும் சொல்லிவிடுங்கள், 1098 என்ற எண்ணைச் சுவரில் பிள்ளைகளின் கண் எட்டும் உயரத்தில் எழுதி வையுங்கள்.