சாப்பிடாதவள் ஏன் சமைத்துக்கொண்டே இருக்கிறாள்?

மதுரைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார். பிளஸ் டூ படிக்கும் மகள் ஆறேழு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறாள். மாதவிலக்கு நின்றுவிட்டது. ஆனால் போனில் எந்நேரமும் சமையல் வீடியோதான். ஞாயிறானால் தம்பிக்கு விதவிதமாகச் செய்துபோட்டு, அவன் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "கேட்டா வயிறு திம்முனு இருக்குங்கிறா. சாப்பாடே பிடிக்காதவளுக்குச் சமையல்மேல எப்படிங்க இவ்வளவு ஆசை? நடிக்கிறாளா?"

நடிக்கவில்லை அம்மா. அவளுக்குக் கடும் பசி. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போய் உடம்பு பட்டினியில் வாடும் 'அனோரெக்ஸியா' என்ற நோயாக இது இருக்கலாம்.

1944 இறுதியில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனை தொடங்கினார். போரில் பட்டினி கிடந்த ஐரோப்பியர்களை எப்படிச் சாப்பாடு போட்டு மீட்பது என்று தெரியவேண்டியிருந்தது. ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் கொடுக்காத இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்கள் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரம் அவர்களின் சாப்பாடு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. உருளைக்கிழங்கு, டர்னிப், ரொட்டி, மக்ரோனி.

உடம்பு இளைத்தது, நாடி தளர்ந்தது, கோடையிலும் குளிரெடுத்தது. கூடவே மனமும் மாறியது. சமையலில் அக்கறையே இல்லாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்துக் கதைபோல வாசித்தார்கள். கொஞ்சூண்டு சாப்பாட்டை அளைந்து அளைந்து நெடுநேரம் நீட்டினார்கள். சினிமாவுக்குப் போனவருக்குக் காதல் காட்சி உறைக்கவில்லை. திரையில் யாராவது சாப்பிட்டால் மட்டும் கண் விரிந்தது. சிடுசிடுப்பு வந்தது, நண்பர்களை விட்டு ஒதுங்கினார்கள். இளைக்கவேண்டும் என்ற ஆசை இவர்களில் யாருக்கும் இருந்ததில்லை. இத்தனையையும் செய்தது பட்டினிதான். சோதனை முடிந்து தாராளமாகச் சாப்பாடு கிடைத்தபோது, சிலருக்கு வயிறு முட்டத் தின்றும் பசி அடங்கவில்லை. புலிமியா (அளவின்றித் தின்றுவிட்டு, வாந்தியெடுத்தோ பட்டினி கிடந்தோ ஈடுகட்டும் நோய்) உள்ளவர்கள் அடக்கமுடியாமல் தின்றுவிட்டதாகக் கூனிக்குறுகிச் சொல்வார்களே, அதற்குப் பின்னாலும் பல நேரம் ஒரு பட்டினி இருக்கிறது.

சரி, அந்தத் 'திம்' எங்கிருந்து வருகிறது? இரைப்பையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். அதன் மேல்பகுதி, சாப்பாடு வரவர நெகிழ்ந்து இடம் கொடுக்கும். கீழ்ப்பகுதி ஓர் ஆட்டுக்கல். நிமிடத்துக்குச் சுமார் 3 தசையலைகள் கீழ்நோக்கி உருண்டு வரும். அலை வந்து சேரும்போது இரைப்பையிலிருந்து குடலுக்குப் போகும் வாசல் இறுகிக்கொள்ளும். ஓரிரு மில்லிமீட்டருக்கும் சிறிதாக மசிந்தது மட்டும் குடலுக்குள் நழுவும். மற்றது பின்னால் தள்ளப்பட்டு மறுபடி அரைபடும், மாவு பதத்துக்கு வரும்வரை. சாதாரணமாக ஒருவேளைச் சாப்பாடு 4 மணி நேரத்தில் ஏறக்குறைய இறங்கிவிடும். வாரக்கணக்கில் வரத்து குறைந்தால் இந்த ஆட்டல் மந்தமாகிறது. காலையில் தின்றது வெகுநேரம் உள்ளேயே கிடக்கிறது. நாலு வாய் போனதுமே 'நிறைந்துவிட்டது' என்று மூளைக்குச் சேதி போகிறது. ஆகவே இன்னும் குறைத்துச் சாப்பிடுகிறாள், இரைப்பை இன்னும் மந்தமாகிறது. உடம்பெல்லாம் பசி, வயிற்றில் மட்டும் நிறைவு.

1993இல் ஹாங்காங்கில் சிங் லீயும் சகாக்களும் அனோரெக்ஸியா உள்ள 70 சீன நோயாளிகளை ஆராய்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்களிடம் குண்டாகிவிடுவோமோ என்ற பயமே தென்படவில்லை. வயிற்று உப்புசத்தையும் பசியின்மையையுமே பலர் காரணமாகச் சொன்னார்கள். இந்நோயின் அடையாளம் என்று அந்தப் பயத்தை மட்டும் தேடுகிற மருத்துவர் இந்தப் பிள்ளைகளைத் தவறவிட்டுவிடுவார். நம் ஊர்ப் பெண்பிள்ளைகளிடம் இந்த நோய் எந்த உருவில் வருகிறது என்று பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்க்க அரசு பணம் ஒதுக்கவேண்டும். அது தெரியாதவரை வேப்பிலை அடிப்பதும், 'கொழுப்பு' என்று திட்டுவதும்தான் வைத்தியமாக இருக்கும்.

எத்தனையோ பேர் டயட் இருக்க, சிலர் மட்டும் ஏன் இதில் சிக்குகிறார்கள்? மரபுக்குப் பெரிய பங்கு உண்டு. 2019இல் சுமார் 17,000 நோயாளிகளின் மரபணுக்களை அலசியபோது இந்நோயோடு தொடர்புள்ள 8 இடங்கள் கிடைத்தன. மனநலத்தோடு மட்டுமின்றி, கொழுப்பையும் சர்க்கரையையும் உடல் கையாளும் விதத்தோடும் தொடர்பு தெரிந்தது. அப்புறம் சூழல். பருத்த உடலை மெச்சிய பிஜியின் நட்ரோகா பகுதிக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆய்வாளர் அங்கே பள்ளிப் பெண்களிடம் வினாத்தாள் கொடுத்துப் பார்த்தார். உணவுக் கோளாற்றின் சாயல் தென்பட்டவர்கள் அந்த ஆண்டு 12.7 சதவீதம், 1998இல் 29.2.

அந்த அம்மாவுக்கு ஒன்று சொல்லவேண்டும். வற்புறுத்தி ஒரேயடியாக ஊட்டிவிடாதீர்கள். நெடுநாள் பட்டினிக்குப் பிறகு திடீரென நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்கலாம். பொதுமருத்துவர், மனநல மருத்துவர் இருவரையும் உடனே பாருங்கள். அவர்கள் சொல்லும் அளவில் வேளாவேளைக்குக் கொடுங்கள். ஆரம்பத்தில் வயிறு வலிக்கிறது என்பாள். நம்புங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். இரைப்பை பழைய வேகத்துக்கு வரச் சில வாரங்களாவது பிடிக்கும்.